‘உனக்காக பிரேயர் பண்றேன்டா!’

செமஸ்டர் ரிசல்ட் வர்ற அன்னைக்கு உங்க மொபைலுக்கு வர்ற மெசேஜ்களை எண்ணிப் பாருங்க. ‘ஆல் தி பெஸ்ட் மச்சி’ ஒரு பத்து. வெறும் கட்டைவிரல் ஒரு பதினைந்து. கேங்கில் ஒரு கிறிஸ்தவ ஃப்ரெண்ட் இருந்தா, நடுவுல கட்டாயம் இது ஒண்ணு இருக்கும்: ‘உனக்காக பிரேயர் பண்றேன்டா!’

டைப் பண்ண மூணு செகண்ட் போதும். ஆனா நிஜமாவே பண்றாங்களா? பண்ணினா என்ன ஆகும்? ‘சும்மா ஒரு பேச்சுக்கு’ சொல்ற வார்த்தையா இது, இல்ல அதுக்குன்னு ஒரு விலை இருக்கா?

தேனியில ஆரம்பிச்சு கம்பம் பள்ளத்தாக்கு வழியா குமுளி மலையடிவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ப் பார்ப்போம், வாங்க!

விடியக்காலை ஜீப்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி... இந்தப் பக்கத்து ஊர்களில் பொழுது விடிவதே ஜீப் சத்தத்தில்தான். தூக்குச்சட்டியும் சாப்பாட்டுப் பையுமாக பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். குமுளி ரோடு, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று ஆளுக்கொரு மலைப்பாதை. வேலை, கேரளாவின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில். சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கி வரவேண்டும். ஜீப் கவிழ்ந்த செய்தியைக் கேட்டு வளராத பிள்ளை இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

அதனால் இங்குள்ள கிறிஸ்தவ வீடுகளில் இரவு குடும்ப ஜெபம் என்றால் அதில் ஒரு லிஸ்ட் இருக்கும். ஜீப்பில் போகிற அம்மா. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் அண்ணன். வளைகுடாவில் டிரைவராக இருக்கும் மாமா. எதிர்வீட்டு பாட்டியின் கண் ஆபரேஷன். வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் போகும் பக்கத்துத் தெரு வாத்தியார். நம்ம பரீட்சை எல்லாம் கடைசியில்தான் பாஸ்!

கேட்கிறவர்களும் கிறிஸ்தவர்களாகத்தான் இருக்கணும் என்றில்லை. ‘வேளாங்கண்ணிக்குப் போறியாக்கா? எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி ஏத்திரு’ என்று காசைக் கையில் திணிக்கும் இந்து அக்காக்கள் எல்லா ஊரிலும் உண்டு. மதத்தைத் தாண்டி ஒருத்தர் கஷ்டத்தை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிடும் இந்தப் பழக்கம் நம் ஊரில் ரொம்ப சகஜம்.

ஒரு குட்டி அகராதி

ஒரே விஷயத்துக்கு ஒவ்வொரு சபையிலும் ஒவ்வொரு பெயர். ஆர்.சி. வீடுகளில் ‘செபம்’, ‘மன்றாட்டு’. அங்கே ‘கருத்து’ன்னு ஒரு வார்த்தை இருக்கு. நாம நினைக்கிற ‘ஒப்பீனியன்’ இல்ல. யாருக்காக, எதற்காக இந்த செபம் என்பதுதான் கருத்து! செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு கருத்து வைப்பார்கள். முதல் பத்து நோயாளிகளுக்கு, அடுத்த பத்து வேலை தேடுபவர்களுக்கு என்று போகும். தெருவுக்குத் தெரு சில குடும்பங்கள் சேர்ந்து கூடுவது ‘அன்பியம்’. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்களில் இந்த வார்த்தைகள் அன்றாடப் பேச்சோடு பேச்சாகக் கலந்து கிடக்கின்றன.

ஞாயிறு திருப்பலியில் ‘விசுவாசிகள் மன்றாட்டு’ என்று ஒரு பகுதி வரும். திருச்சபைக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக, துன்பப்படுகிறவர்களுக்காக, உள்ளூர் மக்களுக்காக என்று வரிசையாக வேண்டுவார்கள். பல நூற்றாண்டுகளாக வழக்கொழிந்து போயிருந்த இதை மறுபடி கொண்டுவரச் சொன்னது இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963-ல். இன்றைக்கு மைக் முன்னால் போய் அதை வாசிப்பது பெரும்பாலும் ஸ்கூல், காலேஜ் பிள்ளைகள்தான்.

சி.எஸ்.ஐ. பக்கம் போனால் ‘ஜெபம்’. வருஷா வருஷம் மார்ச் முதல் வெள்ளிக்கிழமை பெண்கள் முன்னின்று நடத்தும் ‘உலக ஜெப நாள்’ ரொம்ப சுவாரஸ்யம். ஒவ்வொரு ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் ஜெபத்தை எழுதுவார்கள். உலகம் முழுக்க மற்ற நாட்டுப் பெண்கள் அதே ஜெபத்தைச் சொல்வார்கள். 2024-ல் பாலஸ்தீனம், 2025-ல் குக் தீவுகள். மேப்பில் தேடினாலும் சட்டென்று சிக்காத தீவுக்காக நம் ஊர் சர்ச்சில் ஒரு சாயங்காலம்!

பெந்தெகொஸ்தே சபைகளில் ‘உபவாச ஜெபம்’, ‘திறப்பில் நிற்பது’. இந்தத் திறப்பு, எசேக்கியேல் புத்தகத்திலிருந்து வந்த சொல். இடிந்துபோன மதில் ஓட்டையில் ஊருக்காக ஒருவன் போய் நிற்பது. பள்ளத்தாக்கு ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி வாய்க்கால் கரை உடைந்தால் மண்வெட்டியோடு போய் அந்த உடைப்பில் நிற்கிற ஆளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அடுத்தவனுக்காக ஜெபிப்பதும் அதுதான். உடைந்த இடத்தில் போய் நிற்பது.

ஹாஸ்டல் பையன்கள் ஆரம்பிச்சது!

இப்போ ஒரு ஃப்ளாஷ்பேக். வருஷம் 1844. இடம், பிரான்ஸில் வால்ஸ் என்ற சிற்றூர். ஏசு சபைக் குருவாவதற்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு ஸ்டூடன்ட் கும்பலுக்கு படிப்பில் மனசே ஒட்டவில்லை. ‘தூர தேசத்தில் எவ்வளவு வேலை கிடக்கு... நாம இங்க உட்கார்ந்து தத்துவப் புத்தகம் புரட்டிட்டிருக்கோமே’ என்ற புலம்பல். எப்போ கப்பல் ஏறுவோம் என்ற துடிப்பு.

அவர்கள் துடித்த மிஷன் தளங்கள் எங்கோ முகம் தெரியாத தேசங்கள் மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் பிரெஞ்சு ஏசு சபைக் குருக்கள் கப்பலேறி வந்த இடங்களில் ஒன்று, நம்ம மதுரை மிஷன்! 1606-ல் ராபர்ட் டி நோபிலி மதுரைக்கு வந்ததில் தொடங்கி, இடையில் அறுந்துபோன அந்தப் பணியை 1838-ல் வந்த பிரெஞ்சுக் குருக்கள் மீண்டும் தொடங்கியிருந்தார்கள். காலரா, வெயில், அலைச்சல் என்று வந்தவர்களில் பலர் சின்ன வயதிலேயே இறந்தும் போனார்கள். 

டிசம்பர் 3, தூய சவேரியார் திருநாள். அன்று அந்த மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசினார் அவர்களின் ஆன்ம குரு கோத்ரலே. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இப்போதே நீங்கள் மிஷனரிகளாக இருக்கலாம். அலுப்பூட்டும் பாடம், பரீட்சை, சமையலறை வேலை, தலைவலி எல்லாவற்றையும் அந்த மக்களுக்காகக் கடவுளிடம் காணிக்கையாகக் கொடுங்கள். அதுவே ஜெபம்!

அந்த மாணவர்கள் பக்கத்து கிராமங்களுக்கும் போய் இதைச் சொன்னார்கள். விவசாயிகள் பிடித்துக்கொண்டார்கள். ‘செப அப்போஸ்தலத்துவம்’ என்று வளர்ந்த அந்த இயக்கம்தான் இன்று போப்பாண்டவரின் உலகளாவிய செப வலையமைப்பு. மாதத்துக்கு ஒரு கருத்து. 2016 ஜனவரியிலிருந்து அதற்கு ஒரு குட்டி வீடியோவும் வருகிறது. அகதிகள், கைதிகள், மனச்சோர்வில் இருப்பவர்கள் என்று மாதம் ஒரு கூட்டத்துக்காக உலகம் முழுக்க ஒரே வேண்டுதல். 

படிப்பு போரடித்த ஸ்டூடன்ட்ஸ் தொடங்கிய விஷயம் எங்கே போய் நிற்குது பாருங்க!

பேரம் பேசிய பெரியவர், கூரையைப் பிரித்த பசங்க

பைபிளில் இதுக்கு ரெண்டு சூப்பர் சீன்கள். முதலாவது, சோதோம் நகரத்துக்காக ஆபிரகாம் கடவுளிடம் பேசும் பேரம். போடி ஏலக்காய் ஏலத்தில் விலை ஏறும். இங்கே உல்டா, இறங்கும்! ஐம்பது நல்லவர்கள் இருந்தால் ஊரை விட்டுவிடுவீரா என்று ஆரம்பிக்கிறார். நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று இறக்கிக்கொண்டே வந்து பத்தில் நிற்கிறார். கவனிச்சீங்களா? அது ஆபிரகாமின் சொந்த ஊர் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்களும் இல்லை. ஆனாலும் பேசினார்.

இரண்டாவது சீன், கப்பர்நகூமில். நடக்க முடியாத ஒருவரை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே நுழைய முடியவில்லை. நாம என்ன செய்வோம்? ‘அடுத்த வாரம் வருவோம்டா’ என்று திரும்பிவிடுவோம். அவர்கள் கூரை மேல் ஏறினார்கள். கூரையைப் பிரித்தார்கள். கட்டிலை நேராக இயேசுவின் முன்னால் இறக்கினார்கள். அவர்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை வேண்டியதாகக்கூட மாற்கு எழுதவில்லை. தூக்கியதுதான் ஜெபம். அந்த நாலு பேரின் நம்பிக்கையைப் பார்த்துத்தான் இயேசு படுத்திருந்தவரிடமே பேசினார் என்கிறது கதை.

‘நான் சின்னப் பையன், என் ஜெபம் என்ன செய்யும்’ என்பவர்களுக்கு இன்னொருவர். ‘சிறுமலர்’ என்று நம் ஊரில் பள்ளிக்கூடங்களுக்குப் பெயர் வைக்கிறோமே, அந்த தெரேசா. 1887-ல் அவருக்கு 14 வயது. மூன்று பேரைக் கொன்ற குற்றத்துக்காக பிரான்ஸே வெறுத்த பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை. ஊர் முழுக்க ‘ஒழியட்டும்’ என்றபோது, அவன் மனம் திரும்ப வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து வேண்டியது இந்தப் பொண்ணு. கடைசி நிமிஷத்தில் அவன் சிலுவையை வாங்கி முத்தமிட்டான் என்று பேப்பரில் படித்து அழுதாராம். தெரேசா இறந்தபோது வயது வெறும் 24.

சரி... வேலை செய்யுதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டா நீங்க சயின்ஸ் ஸ்டூடன்ட்டே இல்லை! அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தார்கள். 6 மருத்துவமனைகள், 1,802 பைபாஸ் ஆபரேஷன் நோயாளிகள். முடிவு 2006-ல் வெளியானது. ஒரு குழுவுக்காக முன்பின் தெரியாத கிறிஸ்தவக் குழுக்கள் 14 நாள் ஜெபித்தன. இன்னொரு குழுவுக்காக ஜெபிக்கவில்லை. யாருக்கு ஜெபம் நடக்கிறது என்று இரு குழுவுக்குமே சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் முதல் குழுவில் 52 சதவீதம், இரண்டாவதில் 51. வித்தியாசம் இல்லை!

மூன்றாவது குழுவில்தான் ட்விஸ்ட். ‘உங்களுக்காக நிச்சயமாக ஜெபிக்கிறார்கள்’ என்று அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். சிக்கல் வந்தவர்கள் 59 சதவீதம். ‘எனக்காக தனியா ஆள் வெச்சு ஜெபம் பண்ற அளவுக்கா என் நிலைமை மோசம்’ என்ற பயமாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

விசுவாசிகள் இதைக் கேட்டு டென்ஷன் ஆக வேண்டியதில்லை. கடவுளை லேபில் வைத்து அளக்க முடியாது என்பது அவர்கள் பதில். விசுவாசம் இல்லாதவர்கள் ‘பார்த்தீங்களா’ என்பார்கள். அந்த விவாதம் ஓடட்டும். நமக்கு அதில் உபயோகமான விஷயம் வேறு. பரிசோதனையில் ஜெபித்தவர்களுக்கு நோயாளியின் முகம் தெரியாது. கையில் இருந்தது முதல் பெயரும் இனிஷியலும்தான். யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கஞ்சி கொண்டுபோகவில்லை. ‘நைட் நான் இருக்கேன், நீங்க போய்த் தூங்குங்க’ என்று அட்டெண்டரை அனுப்பிவைக்கவில்லை. 

பள்ளத்தாக்கில் ஜெபம் அப்படித் தனியாக வருவதில்லை. கூடவே டிபன் கேரியரும் வரும். பசித்தவனிடம் ‘நல்லபடியா போய்ட்டு வாப்பா’ என்று வாழ்த்திவிட்டு சோறு போடாமல் அனுப்பினால் அதில் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு தன் நிருபத்தில் அன்றைக்கே கேட்டுவிட்டார்.

2018 மார்ச் 11-ஐ தேனிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போடி பக்கம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. டிரெக்கிங் வந்த சென்னை, ஈரோடு, திருப்பூர் இளைஞர்கள் அதில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். தீ அடங்கும் முன்னே முதலில் மேலே ஓடியவர்களில் உள்ளூர் மக்களும் உண்டு. காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். ‘நீ எந்தச் சாமி கும்பிடுறே’ என்று யாரும் கேட்கவில்லை. கட்டிலைத் தூக்கிய அந்த நாலு பேர் ஞாபகம் வருகிறதா?

அணைக்கு ரெண்டு பக்கம்

ஃப்ரெண்டுக்காக வேண்டுவது ஈஸி. இந்தப் பள்ளத்தாக்கில் அதைவிடக் கஷ்டமான பேப்பர் ஒண்ணு இருக்கு. அதன் பெயர் முல்லைப்பெரியாறு.

1895-ல் ஜான் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை. மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கிறது. இந்து, கிறிஸ்தவர் வித்தியாசம் இல்லாமல் வீட்டில் பென்னிகுவிக் படம் மாட்டியிருப்பார்கள். அவர் பிறந்தநாளான ஜனவரி 15-ல் பொங்கல் வைப்பார்கள். லோயர்கேம்பில் 2013-ல் மணிமண்டபமும் திறந்தாச்சு.

மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. பழைய அணை, நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் வண்டிப்பெரியாறு பக்கத்து ஜனங்களுக்கு மழை ராத்திரிகளில் தூக்கம் வராது. 2011 நவம்பர், டிசம்பரில் இது வெடித்தது. எல்லை அடைபட்டது. தேனி மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போன தமிழர்கள் பயந்துபோய் ஊர் திரும்பினார்கள். விடியக்காலை ஜீப்புகள் நின்றன. ஜீப் நின்றால் அடுப்பு நின்றது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் அணை பலமாக இருக்கிறது, 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது.

இப்போ யோசிங்க. 2011 கணக்கெடுப்புப்படி இடுக்கி மாவட்டத்தில் பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். அதே பைபிள், அதே ஞாயிற்றுக்கிழமை, அதே இயேசு. மலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் முழங்காலில் நின்று ‘ஆண்டவரே, மழை கொடும்’ என்கிறார். அந்தப் பக்கம் ஒருவர் ‘ஆண்டவரே, மழை போதும்’ என்கிறார். கடவுள் யார் லைனை எடுப்பார்?

பகைவருக்காக வேண்டச் சொன்னார் இயேசு. பகைவர் என்றதும் சினிமா வில்லனைத் தேடாதீங்க. நிஜ வாழ்க்கையில் பகைவர் என்பது நம்மை மாதிரியே ஒரு பயத்தோடு எதிர்ப்பக்கம் நிற்கும் ஆள்தான். அவருக்காக வேண்டுவது என்றால் நம் உரிமையை விட்டுக்கொடுப்பது என்று அர்த்தம் இல்லை. நாற்றங்காலுக்குத் தண்ணி கேட்பது நியாயம். கேட்டபிறகு, ‘அந்தப் பக்கம் குழந்தையை மடியில் போட்டு முழிச்சிருக்கும் அம்மாவுக்கும் நிம்மதி கொடும்’ என்று இன்னும் ஒரு வரி சேர்ப்பது. அந்த ஒரு வரியைச் சேர்த்தவர் மறுநாள் எல்லையில் கல்லை எடுப்பாரா? கொஞ்சம் யோசிப்பார் இல்லையா?

அந்தக் கல் விழாமல் போனதை எந்த ஆய்விலும் சதவீதமாகக் காட்ட முடியாது.

2018 ஆகஸ்டில் கேரளாவை வெள்ளம் மூழ்கடித்தபோது தமிழ்நாட்டிலிருந்து அரிசி, துணி, பாய் என்று லாரிகள் மலையேறின. அதே மாதம்தான் அணையும் 142 அடியைத் தொட்டது. வழக்கு ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். ரெண்டும் ஒரே ஊரில் முடியும்!

நீங்களும் பண்றீங்களா? சில டிப்ஸ்!

* ‘எல்லாருக்காகவும்’ என்று மொத்தமாகச் சொல்லாதீங்க. பெயர் சொல்லுங்க. பெயர் சொன்னால் முகம் வரும். முகம் வந்தால் மறக்க முடியாது.

* சின்ன நோட்டு ஒண்ணு போடுங்க. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ வலப்பக்கம் காலியாகவே இருந்தால் நீங்க விசாரிக்கவே இல்லை என்று அர்த்தம்.

* பிரேயர் ரிக்வஸ்ட் என்ற பெயரில் கிசுகிசு வேண்டாம். ‘நம்ம கிளாஸ் பொண்ணு ஒருத்தி லவ் மேட்டர்ல மாட்டிக்கிட்டா, ஜெபிச்சுக்கோங்க’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது ஜெபம் இல்லை. அவங்க மானத்தை ஏலம் விடுவது. அவங்க அனுமதி இல்லாமல் வாய் திறக்காதீங்க.

* மனசு உடைஞ்சு ‘வாழவே பிடிக்கலை’ என்று ஒரு ஃப்ரெண்ட் சொன்னால், ஜெபத்தோடு நிறுத்தாதீங்க. கூடவே இருங்க. டாக்டரிடம் அழைச்சுட்டுப் போங்க. கூரையைப் பிரிக்க வேண்டிய நேரம் அது.

* ‘நீ சரியா விசுவாசிக்கலை, அதான் நடக்கலை’ என்ற வசனத்தை மட்டும் நோயாளியிடம் சொல்லவே சொல்லாதீங்க. ப்ளீஸ்!

* லிஸ்டில் ஒரு பெயராவது உங்களுக்குப் பிடிக்காத ஆளாக இருக்கட்டும். முதல் நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவீங்க. பரவாயில்லை.

கடவுள் நம்பிக்கையே இல்லை என்கிறவர்களும் கடைசி டிப்ஸைச் சும்மா ஒரு வாரம் முயற்சி பண்ணிப் பார்க்கலாம். பிடிக்காத ஒருத்தர் நல்லா இருக்கணும் என்று தினமும் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு, மறுநாள் கேன்டீனில் அவர் முன்னால் பழைய மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார முடியுதா என்று பாருங்கள்.

ஆக, அடுத்த தடவை ‘உனக்காக பிரேயர் பண்றேன்டா’ என்று டைப் பண்ணினால், சென்ட் பட்டனைத் தட்டும் முன் ஒரு கேள்வி. அடுத்த வாரம் இதே ஆளிடம் ‘என்னாச்சுடா?’ என்று கேட்பீங்களா?

கேட்பீங்கன்னா... தாராளமா தட்டுங்க!